காரியமில்லாத நடை

யாலைத் தேசியப் பூங்காவுக்குள் வாகனத்தை விட்டிறங்கி நடக்க விடமாட்டார்கள். குமணையிலும் அதே சட்டம்தான். ஜீப்பில் போய், ஜீப்பிலிருந்தபடியே சிறுத்தையைப் பார்த்து, ஜீப்பிலேயே திரும்ப வேண்டும். ஆனால் ஆண்டில் ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு இந்தச் சட்டம் ஒரு கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கதிர்காமத்து ஆடி விழாவை ஒட்டி, உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால் காட்டுப்பாதையைத் திறக்கிறார்கள். தலையில் மூட்டையும் கையில் தடியுமாக, பலர் செருப்பும் இல்லாமல், ஆயிரக்கணக்கில் சனம் உள்ளே இறங்குகிறது. வண்ணாத்திக் கிணறு, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்கித் தங்கி ஐந்தாறு நாள் நடை. யானையும் கரடியும் திரிகிற இரண்டு தேசியப் பூங்காக்களைக் குறுக்கே கடந்து, வரைபடம் என்றால் என்னவென்றே கேட்கக்கூடிய கிழவிகள் போய்ச் சேர்கிறார்கள்.

நெடுநடைப் பாதைகளைப் பற்றி எழுதுகிற நம்மவர்கள் ஸ்பெயினின் சந்தியாகோ பாதையைச் சொல்வார்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைச் சொல்வார்கள். அப்பலாச்சியன் பாதை முனைக்கு முனை இணைந்து முடிந்தது 1937இல். அதே 1937இல்தான் இலங்கையில் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு யாலை தேசியப் பூங்காவானது. அங்கே காட்டுக்குள் நடக்க வழி போட்டு முடித்த ஆண்டில், இங்கே காட்டையும் நடப்பவனையும் பிரிக்கும் சட்டம் எழுதினார்கள். கதிர்காமப் பாதயாத்திரை அந்தச் சட்டத்துக்கு மூத்தது. அதனால்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன். புதிதாக ஒருவர் போய் இந்தக் காட்டைக் குறுக்கே நடக்கப் போகிறோம் என்று இன்று மனுக் கொடுத்தால் எந்த மேசையிலும் அது நகராது.

முழு யாத்திரை தொடங்குவது தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில். ஏறக்குறைய இரண்டு மாத நடை. வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு, கொக்கிளாய்ப் பக்கமாக எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்குள் நுழைந்து, புல்மோட்டை, திரியாய், குச்சவெளி, நிலாவெளி என்று கரையோடு இறங்கி வருவார்கள். கோணேசரிடம் ஒரு வணக்கம். பிறகு கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, வெருகல். வெருகலாற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம். யுத்தத்தில் வடக்கிலிருந்து வரும் வழி அறுந்தபோது இந்த நடையும் ஏறக்குறைய அறுந்தது. 1988இல் அதற்கு மறுபடி உயிர்கொடுக்க முன்நின்றவர்களில் ஒருவர் பற்றிக் ஹரிகன் என்கிற அமெரிக்கர். உள்ளூரில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுவோம். கூச்சப்பட ஒன்றுமில்லை, நடந்தவனுக்கே பாதை தெரியும்.

நகரிலிருந்து வெருகல் வரைக்கும் அவர்களோடு நானும் நடந்திருக்கிறேன். காட்டு நடை என்று எண்ணிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். முழுக்கத் தார்வீதி. கிண்ணியாவிலும் உப்பாற்றிலும் பாதைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்த காலம் போய்விட்டது. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். இலங்கையின் மிக நீளமான பாலம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். பஸ்ஸில் போகிறவருக்கு அது பெரிய வரம். காலை பத்து மணிக்குப் பிறகு வெறுங்காலோடு அதன்மேல் போகிறவருக்கு வேறு கதை. ஆகையால் விடியப் புறம் மூன்றரைக்கே எழும்பிவிடுவார்கள். முன்னுக்கு வேல், பின்னுக்கு வரிசை. வெயில் ஏறுமுன் அடுத்த கோயில் மண்டபத்தைப் பிடித்துவிட வேண்டும். மத்தியானம் முழுக்கப் படுக்கை, பின்னேரம் மறுபடி நடை.

இந்த வரிசையில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. ஆணும் பெண்ணும் பிள்ளையும் எல்லாம் 'சாமி'தான். "சாமி, கால் எப்பிடி?" என்று என்னிடம் கேட்ட அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். கொப்பளம் வந்திருக்கிறது என்றேன். "உடைக்காதேங்கோ சாமி, அது தானா வத்தும்" என்றுவிட்டு முன்னே போனவரை அன்று முழுக்க எட்டிப் பிடிக்க முடியவில்லை. கிண்ணியாவில் ஒரு தேநீர்க் கடைக்கார நானா எங்கள் போத்தல்களை வாங்கி நிரப்பித் தந்து, "கதிர்காமத்தில எங்கட பள்ளியும் இருக்குது, சலாம் சொல்லுங்கோ" என்றார். இருக்கிறதுதான். அந்த வளவில் முருகனும் விகாரையும் பள்ளிவாசலும் சேர்ந்தே இருக்கின்றன.

நடக்க நடக்க ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. இந்தக் கூட்டத்தில் ஒருவரும் நடப்பதற்காக நடக்கவில்லை. மகனுக்கு வழக்கு, மகளுக்குப் பிள்ளையில்லை, காணாமல் போனவர் பற்றி ஒரு சேதி, புற்றுநோய், நேர்த்தி. ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு காரியம் இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்த நடையும் அப்படித்தான் இருந்து வந்திருக்கிறது. காட்டுக்குள் போனால் தேனுக்கு, விறகுக்கு, தவறிப்போன மாட்டுக்கு, வேட்டைக்கு, ஆனி மாதமென்றால் பாலைப்பழத்துக்கு. கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக்கூட எங்கள் முன்னோர் உலாவப் போனதில்லை. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் கடன் கழிக்கப் போனார்கள். காட்டில் இறங்கும் இடத்தில் ஒரு குழையை முறித்துக் கல்லின்மேல் வைத்து ஐயனாரையோ பிள்ளையாரையோ கும்பிட்டுவிட்டுப் போகிற வழக்கம், அழகான இடத்துக்குள் நுழைகிறோம் என்பதால் வந்ததல்ல. திரும்பி வரவேண்டும் என்ற பயத்தில் வந்தது.

மூதூர்க்காரருக்கு இந்தப் பயம் பழசு. 1659 முடிவில் புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக்குடாவில் ஒதுங்கியது. மறு ஆண்டு அதன் தலைவரையும் மகன் ரொபர்ட் நொக்ஸையும் ஆட்களையும் கண்டியரசனின் படையினர் பிடித்து மலைநாட்டுக்குள் கொண்டுபோனார்கள். தகப்பன் அங்கேயே காய்ச்சலில் செத்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்தார். சிறைக்கூடம் கிடையாது, கிராமத்தில் குடியிருக்கலாம். காடுதான் சுவர். கண்டியரசர்கள் வழிகளை அகலப்படுத்த விடவில்லை. ஒற்றையடிப் பாதைகளாகவே வைத்திருந்தார்கள். கணவாய்களில் முள்ளால் கதவு செய்து காவல் போட்டார்கள். நொக்ஸ் தொப்பி பின்னக் கற்றுக்கொண்டு, அதை விற்கும் சில்லறை வியாபாரியாக ஊரூராக அலைந்தார். அலைந்தது வழி படிக்கத்தான். 1679இல் ஒரு கூட்டாளியோடு வியாபாரத்துக்குப் புறப்பட்டவர் போலப் புறப்பட்டு, அருவியாற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையில் ஏறினார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகத்தை இலங்கையைப் பற்றிய சரித்திர நூல் என்று படிக்கிறார்கள். எனக்கு அது காட்டுவழிகளைப் பற்றிய புத்தகம். பாதை தெரிந்தவனுக்குத்தான் அரசன் பயந்தான் என்பது அதில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

அரசர்கள் மாறியும் அந்தப் பயம் மாறவில்லை. யுத்த காலத்தில் காட்டுவழி தெரிந்தவன் என்றால் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகம். விறகுக்குப் போனவர்கள் திரும்பாத கதை எங்கள் மாவட்டத்தில் மூன்று சமூகத்திடமும் உண்டு. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஊரோடு புறப்பட்டுக் கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்னரே சம்பூர்த் தமிழர்கள் வாகரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஊர் திரும்பச் சம்பூராருக்கு ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆயின. இவையும் நெடுநடைகள்தான். இவற்றுக்கு வரைபடம் போட்டு, எந்த மரத்தடியில் எந்தப் பிள்ளை பிறந்தது என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

நடப்பவர் நின்றால் காடு என்ன செய்யும் என்பதற்கு எங்களிடம் சாட்சி நிறைய. இரண்டு மாரி போதும். ஒற்றையடிப் பாதையைச் சூரையும் கிளாவும் நாயுண்ணியும் மூடிவிடும். இருபது மாரி என்றால் வயலே காடாகிவிடும். தென்னமரவாடிச் சனம் 1984இல் ஓடியது. யுத்தம் முடிந்தபின் திரும்பியபோது வரம்பு இருந்த இடத்தில் மரம் நின்றது. இப்படித் திரும்பிய ஊர்கள் பலவற்றில் வயலுக்குள் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் நின்றது. காடு என்று வர்த்தமானியில் ஏறிய நிலத்தில் கத்தி வைத்தால் வழக்கு. அந்த மரங்களின் வயது அகதி வாழ்க்கையின் வயது என்பதைத் திணைக்களத்தின் கணக்கில் சேர்க்க இடமில்லை. சீனன்குடாவுக்குப் பின்னால் உள்ள காடும் இப்படி இளசுதான். 1930களில் பிரித்தானியக் கடற்படை கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்னும் நிற்கின்றன. பல குதங்களைச் சுற்றி மரம் கூரைமட்டத்துக்கு எழும்பிவிட்டது. 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி ஜப்பானிய விமானம் ஒன்று வந்து விழுந்து எரிந்த குதத்தின் உருகி நெளிந்த இரும்பும் அங்கேயே கிடக்கிறது. எங்கள் மாவட்டத்தில் நடப்பதற்கு மிக நல்ல காடு எது என்று கேட்டால், ஒப்பந்தங்களுக்குள் அகப்பட்டிருக்கும் இந்தக் காட்டைத்தான் சொல்வேன்.

இப்போது கொழும்பிலிருந்து இளம் பிள்ளைகள் முதுகுப்பையோடு வந்து இறங்குகிறார்கள். 'ஹைக்கிங்' போக இடம் எது என்று கேட்கிறார்கள். மலைநாட்டில் பழகிய கண்ணோடு வருகிறார்கள். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா; நடப்பதற்கென்றே திறந்து வைத்திருக்கும் அபூர்வமான பூங்கா அது. வாசலில் ரிக்கட் எடுத்து, போத்தலில் சுற்றிய பொலித்தீனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒன்பது கிலோமீற்றர் அளவில் ஒரு வட்டம் சுற்றி, 'உலக முடிவு' என்கிற விளிம்பின் எண்ணூறு மீற்றருக்கும் மேலான பள்ளத்தை மூடுபனி வருமுன் பார்த்துவிட்டு வரலாம். பாதையை விட்டு விலகக் கூடாது. எதிரே வருகிறவர் "இன்னும் கொஞ்சம்தான்" என்பார். நானும் நடந்தேன், நல்ல நடை. குறை சொல்ல மாட்டேன். நக்கிள்ஸ் மலைகளில் இன்னும் நல்ல நடை. ஆனால் அண்மைக் காலத்தில் பேர்பெற்ற பெக்கோ நடைபாதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கண்டிப் பக்கத்தில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 22 பகுதிகளாகப் பிரித்த, 300 கிலோமீற்றருக்கும் கூடிய பாதை. பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களின் பழைய வழிகள். அவற்றை வெட்டியவர்களும், கூடையோடும் மூட்டையோடும் அவற்றைத் தேய்த்தவர்களும் மலையகத் தமிழர்கள். அவர்களுடைய கொள்ளுப்பாட்டன்மார் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீரில்லாத காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த வடக்குப் பாதையில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த நடைக்கு 22 பகுதியும் இல்லை, தங்குமிடப் பட்டியலும் இல்லை.

ஒருவர் கட்டாயத்தில் தேய்த்த பாதையில் இன்னொருவர் ஆசைக்கு நடக்கக் கூடாதா? கூடும். அப்படி இல்லையென்றால் உலகத்தில் நடக்கவே பாதை மிஞ்சாது. பெக்கோ பாதை வந்தபின் சில லயத்து வீடுகளில் நடப்பவர்களுக்குத் தேநீரும் ரொட்டியும் விற்கிறார்கள். அதை இகழ எனக்கு வாய் வராது. என் வருத்தம் வேறு. மலைநாட்டில் அந்தக் கட்டாயத்துக்கும் இந்த ஆசைக்கும் இடையில் நூற்றைம்பது ஆண்டு இருக்கிறது. எங்களிடம் இருபதே ஆண்டு. வாகரைக்கு ஓடியவர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அவர் ஓடிய வழிக்கு மரத்தில் மஞ்சள் அம்பு அடிக்க முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன், அம்பை அவரே அடிப்பாரென்றால்.

இங்கேயும் நடைப்பாதை போடலாம் என்று சொல்லும்போது, எங்களிடம் மலை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். எங்கள் பெரிய மலைச்சரிவு கடலுக்கடியில் இருக்கிறது. துறைமுக வாயிலை ஒட்டித் தொடங்கும் பள்ளத்தாக்கு மூவாயிரம் மீற்றருக்கும் ஆழமாக இறங்குகிறது. பிதுருதலாகலை மலையைத் தலைகீழாக அதற்குள் இறக்கினாலும் அடி தட்டாது. தரையில் இருப்பவை குன்றுகள். திரியாயில் ஊரார் கந்தசாமிமலை என்று சொல்கிற குன்று ஒன்று: மேலே பழைய வட்டதாகை, பாறையில் பல்லவ கிரந்தத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு, காலடியில் தமிழ்க் கிராமம். படி ஏற அரைமணி ஆகாது; ஆனால் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் முடிவில்லாத காடு. நகருக்குப் பின்னால் கடற்படை நீர்த்தேக்கத்தைக் காக்க 1963இல் அறிவித்த சரணாலயம் 18,000 ஹெக்டெயருக்கும் மேல். ஹோட்டன் சமவெளியைப்போல் ஐந்து மடங்குக்கும் கூட. அதன் பெயரைக்கூட நகரத்தில் பத்தில் ஒருவர் அறிந்திருப்பாரா என்பது சந்தேகம். பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நிற்கிற வறள்வலயக் காடு. ஒரு காலத்தில் 'திருகோணமலை மரம்' என்ற பெயரில் மதராஸ் சந்தைக்குப் போய், அந்தக் கரையின் மசூலாப் படகுகளுக்குப் பலகையான சவண்டலையும் இந்தக் காடுகளின் மரம்தான். பார்வைக்கு மலைக்காடு போல் இல்லை. அருவி கிடையாது, பாசி கிடையாது, மூடுபனி கிடையாது. மத்தியானத்தில் இலை அசையாது. பத்தடிக்கு அப்பால் கண் போகாது. படம் பிடிக்க வந்தவர் ஒரு மணித்தியாலத்தில் சலித்துப்போவார். காது உள்ளவருக்கு உரிய காடு இது. கொப்பு முறியும் சத்தம் எத்தனை பாகத்தொலைவில், காட்டுக்கோழி ஏன் கத்தலை நிறுத்தியது, தேனீ எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

அப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் மூதூர் கிழக்கில் இருக்கிறார்கள். சந்தனவெட்டை, நல்லூர், பாட்டாளிபுரம் பக்கத்து வேடர் வழிவந்த குடும்பங்கள். தமிழ் பேசுகிறார்கள், தேன் எடுக்கிறார்கள், நண்டு பிடிக்கிறார்கள், பாலைப்பழமும் வீரைப்பழமும் பொறுக்கிச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். யுத்தத்தில் ஓடினார்கள், திரும்பினார்கள். இப்போது காட்டுக்குள் போனால் திணைக்களத்துக்குப் பதில் சொல்லவேண்டிய நிலை. இந்த மாவட்டத்தில் ஒரு நடைப்பாதை போடுவதென்றால் அதை வரைய ஆள் இவர்கள்தான் என்பது என் கட்சி. கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்து அம்பு அடித்துவிட்டு, இவர்களுக்கு இளநீர் வெட்டுகிற வேலை கொடுப்பதற்கு முன்னால் அது நடக்க வேண்டும்.

அங்கே தேன் எடுக்கும் ஒருவரிடம் இதைப் பேசிப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். பட்டணத்துப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப் போவீர்களா, காசு தருவார்கள் என்றேன்.

"கூட்டிப் போகலாம் தம்பி. யானை போற வழியால போனாத் தண்ணிக்குப் போகலாம், அதில பயமில்ல. கதைக்காம வருவாங்களோ?"

"சொன்னாக் கேப்பாங்க."

"அங்க போய் என்ன எடுக்கப் போறாங்க?"

"ஒண்டும் எடுக்க மாட்டாங்க ஐயா. நடப்பாங்க."

"நடந்து?"

"திரும்பி வருவாங்க."

என்னைச் சற்று நேரம் பார்த்தார். பரிதாபம் யார்மேல் என்று தெரியவில்லை, என்மேலாகவும் இருக்கலாம்.

"அப்ப ஆனி மாசத்தில வரச் சொல்லுங்கோ" என்றார். "பாலைப்பழம் இருக்கும். அவ்வளவு தூரம் நடந்துபோட்டுச் சும்மா கையோட எப்பிடி அனுப்புறது?"